துரத்தி வந்து காப்பாற்றிய கப்பல்

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காத எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் கருக்களாச்சேரி மீன்காரப் பெண்மணி, மடியில் காலிக்கூடையோடு. பக்கத்தில் அவரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வரிச்சிக்குடி அம்மாள்.

“காப்பாத்த வந்த கப்பலப் பாத்து எங்க வூட்டுக்காரரு ஓடுனாருக்கா.”

“ஏன் ஓடுனாரு?”

“பல வருசத்துக்கு முன்னாடி, நடுக்கடல்ல படகு எஞ்சின் நின்னுபோச்சு. அப்ப கோஸ்ட் கார்டு கப்பல் வந்திருக்கு. கடத்தல்காரங்களப் புடிக்கிற கப்பலுன்னு பயந்து, துடுப்புப் போட்டு விலகப் பாத்திருக்காங்க. அது துரத்தி வந்து கயிறு வீசியிருக்கு.”

“படகுல கடத்தல் சாமான் எதுவும் இருந்துச்சா?”

“வெறும் மத்தி மீனுதான். படகக் கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சா, புடிச்சிட்டாங்கன்னு கரையில நாங்க ஒப்பாரி வைக்கிறோம். இவரு படகு முன்னாடி நின்னு துண்டச் சுத்துறாரு, தேர்ல வர்ற மாதிரி.”

“அந்தக் கப்பல் இன்னும் ஓடுதா?”

“வயசாயிடுச்சாம். ஒடைக்கப் போறாங்களாம்.”

வரிச்சிக்குடி அம்மாள் உச்சுக்கொட்டினார்.

“உச்சுக்கொட்டாதீங்கக்கா. எங்க புதுப் படகுல சாமி பேர எழுதல, அந்தக் கப்பல் பேரத்தான் எழுதியிருக்கோம். நாளைக்குக் காலையில அது மறுபடி கடலுக்குப் போவுது.”