மேடைக்கும் சக்கரம்

மங்கலத்திலிருந்து திருப்பூர் போகும் காலைப் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள், இருவர் கழுத்திலும் ஒரே பனியன் கம்பெனியின் அட்டை. சின்னவள் சொன்னாள்:

“நம்ம வீதிக் காலி எடத்துல போடற மேடைக்குச் சக்கரம் இல்லீன்னா நான் ஒத்துக்கவே மாட்டேனுங்க்கா.”

“மேடைக்கு எதுக்கு கண்ணு சக்கரம்? சிமெண்டுல கட்டுனா அப்படியே நிக்குமல்லோ?”

“நிக்கறதுதானுங்க்கா வம்பு. போன தடவ அங்க கொட்டாய் போட்டமே, என்னாச்சு? ஒருத்தரு பேரெழுதுனாரு, இன்னொருத்தரு பூட்டுப் போட்டாரு. நம்ம வீதிக் கொழந்தைங்க மறுபடியும் ரோட்டுலதான் வெளையாடுதுங்க.”

“அதுக்கு?”

“கம்பெனில வெட்டுன துணிய வெச்சுத் தள்ளுற டிராலியாட்டவே எல்லாத்தையும் செஞ்சுக்கலாமுங்க. பெஞ்சு, மேடை, பந்தல் எல்லாமே. காலைல காய்கறிக் கடை, சாயங்காலம் பந்து, நோன்பு மாசத்துல கஞ்சி ஊத்தறது. அவங்கவங்க வேல முடிஞ்சா ஓரமாத் தள்ளிப்போடோணும்.”

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கூட்டுக்காரரு அங்க புள்ளையார் வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரே கண்ணு.”

நிறுத்தம் வந்துவிட்டது. சின்னவள் சாப்பாட்டுப் பையோடு முதலில் எழுந்தாள்.

“தாராளமா வரட்டுமுங்க்கா. தேர்ல வந்துட்டு, தேர்லயே போவட்டும்.”