எட்ட விட்டுக் கட்டிய சரம்

— பாக்கெட்டுல வுட்ட கைய எடுக்கவே இல்லியா மாமா? பரிட்சையிலயுமா?

— எடுத்தா எனக்கு எதுவுமே வராது கங்கா. மூணு மாசமா ஜப்பான் பாஷை கேசட்டப் போட்டுப் போட்டுக் கேட்டேன். கிதே, கீதே, கித்தே. காதுல தனித்தனியாத்தான் வுழுது. எது 'வா', எது 'கேளு'ங்கறதுதான் மாறி மாறிப் போவுது.

— அதான் திங்கக்கெழம வார்த்தைக்கு ஒண்ணா அஞ்சு சரம் கட்டிக் குடுத்தேனே. கொஞ்சம் நவுந்து உக்காரு, பூ மேல உக்காந்துகீற. காஞ்சிபுரம் பஸ்ஸு வந்தா பூ வாங்க ஆளு வந்துடும், அதுக்குள்ள சொல்லிமுடி.

— ஜப்பான்கார வாத்தியாரு எதிருல. பக்கத்துல எங்க சூப்பர்வைசர் ராஜாமணி. 'வா'ங்கறதுக்கு இன்னான்னாரு. பாக்கெட்டுல தடவுறேன். கனகாம்பரம், நெருக்கிக் கட்டிகீது. கிதேன்னேன்.

— வான்னு கூப்ட்டா கிட்டதான வரணும்.

— 'கேளு'ன்னாரு. அடுத்த சரம், அதே கனகாம்பரம், எட்ட வுட்டுக் கட்டிகீது. கீதே.

— ஒருத்தர் பேச்சக் கேக்கணும்னா சித்த நேரம் நிக்கணும்ல. அதான் எட்ட வுட்டேன்.

— தபால் தலைக்கு, நடுவுல இறுக்கி ஒரு முடிச்சு. கித்தே. இதெல்லாம் ஒனக்கு எப்படித் தோணுச்சு? பன்னண்டாவது படிச்சவன் நானு. எனக்குத் தோணலியே.

— நீ கேசட்டு ஓட்டறப்ப என் கை சும்மாவா இருந்துச்சு? அந்தப் பொம்பள பேசுற தாளத்துக்குக் கை தானா கட்டுச்சு. அப்புறம்?

— அப்புறம் ராஜாமணி பாத்துட்டாரு. பாக்கெட்டுல பிட்டு வெச்சிகீறான்னு கத்திட்டாரு. போச்சு, வேலையே போச்சுன்னு நெனச்சேன். எல்லாத்தையும் எடுத்து மேசை மேல வெச்சேன்.

— ஐய, வாடிப்போன பூவயா அந்த மனுசன் முன்னால வெச்ச?

— எல்லாரும் சிரிச்சாங்க. வாத்தியாரு சிரிக்கல. இது இன்னான்னு அரகொற தமிழ்ல கேட்டாரு. எங்கூட்டுக்காரி கட்டுனதுன்னு ஒவ்வொண்ணா சொன்னேன். அவுரு கண்ண மூடிக்கினு தடவுறாரு கங்கா. கிதே, கீதே, கித்தேன்னு தனக்குத் தானே சொல்லிக்கிறாரு. வெளிய மெசின் ஓடுற சத்தம் மட்டும்தான் கேக்குது.

— இன்னாதான் சொன்னாரு?

— எழுந்து நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு. எனக்கில்ல, மேசையில கெடந்த பூவுக்கு. இருவது வருசமா இந்த பாஷைய சொல்லிக் குடுக்கறேன், கையால தொட்டுப் பாத்தது இன்னிக்குத்தான்னாரு.

— பொய் சொல்லாத.

— ஒம்மேல சத்தியமா. இப்ப ஒன்னப் பாக்கவே எனக்கு ஒரு மாதிரி பயமா கீது. ஆறு வருசமா ஒரே வூட்ல கீறேன், எனக்கு ஒண்ணும் தெரியலியே.

— சும்மா இரு. பாஸா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல.

— பாஸு. பதினஞ்சு பேர்ல நாலு பேரு. மாசில ஜப்பானுக்கு ஃப்ளைட்டு. ஒரு வருசம் டிரெய்னிங், தொண்ணுத்தி மூணு மாசிலதான் திரும்பறது. வந்தா கம்பெனில எங்க மெசின் லைனுக்கு நான்தான் இன்சார்ஜ்.

— முழுசா ஒரு வருசமா?

— ஆமா. இன்னா, மொகம் ஒரு மாதிரி ஆவுது? நீதான பாஸாவணும்னு கட்டிக் குடுத்த.

— ஒண்ணுமில்ல. இந்தா, காலைல கட்டுனது. இன்னான்னு சொல்லு.

— முல்லை. பனிக்குக் கட்டுனியே, யுகி. அங்க பனி கொட்டும்னு…

— கண்ணால பாக்காத மாமா. மூடிக்கினு தொடு.

— நெருக்கமா இல்லியே, எட்ட வுட்டுல்ல கீது. அப்ப யூகி. தைரியம். தைரியம் ஒடனே வராது, சித்த இருந்துதான் வரும்னு நீதான் சொன்ன. எனக்கு இது எதுக்கு இப்ப? பரிட்சைதான் முடிஞ்சுபோச்சே.

— ஒனக்கு ஆரு கட்டுனா, எனக்குக் கட்டிக்கினேன். ஆடில கொழந்த பொறக்கும்னு நர்ஸம்மா சொல்லி பத்து நாளாவுது, அது தெரிஞ்சப்புறந்தான் ஒனக்கு அந்த அஞ்சு சரத்தையும் கட்டுனேன்.