அமாவாசைக்கு இரண்டு மணி நேரம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் மணி என்ன என்று கேட்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா வக்கீலய்யா? முன்பெல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றால் நாலு பேராவது கேட்பார்கள். நாமும் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வோம். நம்பிப் போவார்கள். இப்போது ஆளாளுக்குப் பையில் ஒரு சாமான் இருக்குது. அதைத் தடவிப் பார்க்கிறான், போகிறான். எதிரில் ஒரு மனுஷன் வாட்ச் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்கிற மரியாதை கிடையாது.

நீங்களும் அப்படித்தான். சர்க்கார் அனுப்பிய வக்கீல் என்று இந்த ஜெயிலுக்குள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் செல்போனில் மணி பார்த்தீர்கள். தலைக்கு மேலே இவ்வளவு பெரிய கடிகாரம் மாட்டியிருக்குது. பரவாயில்லை. அது நாலு நிமிஷம் ஸ்லோ.

பழக்கத்தில் கை தவறிவிட்டது என்று சொல்லுங்கள் பெரியவரே, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் கை தவறுகிற ஆள் ஒன்பது வருஷம் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்திருப்பானா? அதை யோசியுங்கள்.

என் பேர் துரைக்கண்ணு. படிப்பு மூணாங்கிளாஸ். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கல் குவாரி. அங்கே சங்கு ரூம் என் பொறுப்பு. தினமும் ஒரு மணிக்கு வெடி. பன்னிரண்டே முக்காலுக்குச் சங்கு. வாயால் ஊதுகிற சங்கு இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர், அதிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு ஒயர், அங்கிருந்து கூரைமேல் நாலு குழாய் ஸ்பீக்கர். எழுதி வைத்த நேரம் வந்தால் பொட்டி தானாக ஊதும். அதைக் கேட்டதும் மேலே மேட்டில் மாடு மேய்ப்பவர்கள், புல் அறுப்பவர்கள் எல்லாம் இறங்கிவிடுவார்கள். அவர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்குதான் கடிகாரம்.

வெடிக்காரர் ராஜாங்கம் கீழே பள்ளத்தில் இருப்பார். கல் உடைக்கிற கிரஷர் ஓடுகிற இரைச்சலில் அவர் காதுக்குச் சங்கு எட்டாது. அதனால் வெடிக்கு முன்னால் எனக்குப் போன் போடுவார். "இன்னா பெரியவரே, ஊதியாச்சா?" "ஊதியாச்சு." அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது வருஷமாக நாங்கள் இருவரும் வேறொன்றும் பேசிக்கொண்டதில்லை.

பொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்ஸ்பி என்று அதன் உள்ளே ஓடுவதற்குப் பேர். திறந்தால் ஒரு பச்சை மேடு, மேலே நீல வானம். கல்லில்லாத மேடு எந்த ஊரில் இருக்குது என்று எனக்குத் தெரியாது. செஞ்சிக்காரன் எவனும் அதை நம்பமாட்டான். காலையில் போட்டதும் நேராக அங்கே போகாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்து நிற்கும். மேல்வரிசையில் இரண்டாவது கட்டையைத் தட்டினால்தான் நகரும். உள்ளே போனால் வருஷம் இரண்டாயிரத்து இரண்டு என்று காட்டும். ராத்திரி கரண்ட்டை நிறுத்தியதும் அதற்குப் புத்தி பழைய காலத்துக்குப் போய்விடும். நான் ஒருத்தன் உட்கார்ந்து சுவரில் இருக்கிற தினக் காலண்டரைப் பார்த்து, வருஷம், மாசம், தேதி எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றி, அப்புறம் என் வாட்ச்சைப் பார்த்து மணியை வைப்பேன். அதில் முள் வைத்த கடிகாரம் ஒன்று வரும். அது எனக்குப் பிடிக்கும்.

சில நாள் திரையே வராமல் கீ கீ என்று கத்தும். மூடியைக் கழற்றி, உள்ளே பச்சையாக ஒரு பட்டை இருக்குது, அதைப் பிடுங்கி, அதன் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் வாயை மூடிக்கொள்ளும். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மெக்கானிக் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் மறைத்து மறைத்துத்தான் செய்தான். நானும் பார்க்காத மாதிரிதான் பார்த்தேன்.

அமாவாசை மட்டும் வேறு. அன்றைக்கு ஆட்களெல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்துப் போவார்கள். அரை நாள்தான் வேலை. வெடி பதினொரு மணிக்கு. அப்படியென்றால் பத்தே முக்காலுக்கே சங்கு ஊத வேண்டும். உள்ளே எழுதி வைத்த நேரத்தை மாற்ற எனக்குத் தெரியாது. மாற்றத் தெரிந்தவனைக் கூப்பிட்டால் அவன் அடுத்த அமாவாசைக்கு வருவான். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அமாவாசைக் காலையில் கடிகாரத்தையே இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவேன். ஊருக்கெல்லாம் பத்தே முக்கால் ஆகும்போது பொட்டி பன்னிரண்டே முக்கால் என்று நம்பி ஊதிவிடும். மறுநாள் சரிசெய்வேன். பொய் சொல்லித்தான் வேலை வாங்க வேண்டும். மனுஷனிடமும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

இப்படியே ஒன்பது வருஷம் போனது. ஒரு நகம் பெயர்ந்ததில்லை யாருக்கும்.

போன மார்கழியில் அபிநந்தன் வந்தான். மேல்சித்தாமூர் பையன், ஜைனர் வீடு, கம்ப்யூட்டர் டிப்ளமா. குவாரியில் பில் போடுகிற பொட்டிகளைப் பார்க்க எடுத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டான். என் பொட்டியைத் திறந்தவன் உள்ளே எறும்பு கூடு கட்டியிருப்பதைப் பார்த்து, ஒரு காகிதத்தில் ஒவ்வொன்றாக ஏற்றி, வேப்பமரத்தடியில் கொண்டுபோய் விட்டான். அரை மணி நேரம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அதுவரை சைக்கிள் பம்பால் அடித்துத்தான் துரத்துவேன்.

எறும்பைக் குடியேற்றியபின் பொட்டிக்குள் விரலை விட்டு வட்டமாக ஒரு சின்ன செல்லை எடுத்தான். சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. வேறொன்று போட்டான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கரண்ட்டை நிறுத்திப் போட்டுக் காட்டினான். கறுப்புத் திரையில் நிற்கவில்லை. நேராகப் பச்சை மேடு. தேதி சரி. மணி சரி.

"இதுக்கா தாத்தா ஒம்போது வருஷமா தெனம் உக்காந்து தேதி மாத்திட்டிருந்தீங்க?" என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்த்தான்.

அப்புறம் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த இரண்டு வருஷத்து அமாவாசையை எல்லாம் உள்ளே எழுதி வைத்தான். அந்தந்தத் தேதியில் பத்தே முக்காலுக்கு ஊதும், பன்னிரண்டே முக்காலுக்கு ஊதாது. வரிசையாகக் காட்டினான். "இனிமே நீங்க எதையும் தொட வேணாம் தாத்தா. குறிப்பா கடிகாரத்தை. பழையபடி தள்ளி வெச்சீங்கன்னா, அது பத்தே முக்கால் தாண்டிடுச்சுன்னு நெனச்சிக்கும், ஊதாது. சும்மா உக்காந்திருங்க, போன் வந்தா மட்டும் எடுங்க."

இதை அவன் தெளிவாகச் சொன்னான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு அந்தப் பையன் சரியாகச் சொல்லவில்லை என்று யாராவது கிளம்புவார்கள்.

என் சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை. நாற்காலியையும் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மின்விசிறிகூடப் போட்டுக் கொடுத்தார்கள். எதிரியைக்கூட இப்படி நடத்தமாட்டார்கள்.

தை அமாவாசைக்குப் பொட்டி பத்தே முக்காலுக்குக் கரெக்டாக ஊதியது. மேட்டிலிருந்து குஞ்சம்மாள் புல்லுக்கட்டோடு இறங்கி வந்தாள். ஐம்பது வயசிருக்கும். இரண்டு கறவை மாடு. தினமும் என் ரூம் வாசல் வழியாகத்தான் ஏறுவாள், இறங்குவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"இன்னா பெரியவரே, அந்தப் புள்ள வந்து கைய வெச்சதும் சொன்ன மாதிரி கேக்குது உன் பொட்டி. நீ இருந்தப்ப அதுக்கு மூட் வந்தாத்தான் ஊதும்."

"நான் இப்பவும் இங்கதான் இருக்கிறேன்" என்றேன்.

"ஆமாமா, இருக்கிற. ஆணியில மாட்டின காலண்டராட்டம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். கெட்ட எண்ணம் இல்லை. அப்படிப் பேசுகிற பிறவி. அதற்காக நான் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு சின்ன புத்திக்காரன் இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொட்டியை நம்பக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். நல்லதுக்குத்தானே? நாளைக்கு அது உண்மையிலேயே காலை வாரினால் யார் பொறுப்பு? வாயால் சொன்னால் கேட்பார்களா? எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற காலம் இது.

குவாரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒரு வெள்ளிக்கிழமை பகலில் போய் கூரை ஸ்பீக்கர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்து, ஆம்ப்ளிபையர் விளக்கு துடிக்குதா என்று பார்த்தேன். பையன் சொன்னது உண்மை. தாண்டிப்போன நேரத்துக்கு அது திரும்பி வந்து ஊதுவதில்லை. வந்தவரைக்கும் சரி என்று பேசாமல் இருக்குது. ஒருமுறை பார்த்தால் போதாதே, அடுத்த வெள்ளிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். நான் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவன் இல்லை.

மாசி அமாவாசை. மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்குக் கூட்டம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வழியில் சிவப்புக் கொடி பிடிக்கிற இரண்டு பேரும் விடிகாலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். சங்குதான் ஊதுமே என்று யாரும் கவலைப்படவில்லை. பார்த்தீர்களா, அவ்வளவு நம்பிக்கை ஒரு பொட்டிமேல்.

ஒன்பது மணிக்குக் கடிகாரத்தைப் பதினொன்று என்று வைத்தேன். நீங்கள் கேட்கிற அந்தப் பழக்கம் இதுதான். பழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

பத்தே காலுக்குக் குஞ்சம்மாள் அரிவாளோடு வந்தாள். வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். கொடுத்தேன். "பொண்ணு வந்திருக்கிறா, சீக்கிரம் அறுத்துக்கினு இறங்கணும். சங்குக்கு இன்னும் டைம் இருக்குதில்ல?" என்றாள்.

இருக்குது என்றேன். அந்த நேரத்துக்கு அது பொய் இல்லை.

ஏறிப்போனாள். என் கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும். பொட்டி வருவதற்கு முன்னால் கொடுத்தது. அன்றைக்கும் தொங்கியது.

பத்தே முக்கால் ஆனது. நான் பொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மேடு, நீல வானம். ஒரு சத்தம் இல்லை. நினைத்தபடி நடப்பது மனுஷனுக்கு எவ்வளவு அபூர்வம் தெரியுமா?

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"இன்னா பெரியவரே, ஊதியாச்சா?"

"ஊதியாச்சு" என்றேன்.

மேஜைமேல் டம்ளர் அதிர்ந்தது. எப்போதும் அதிர்வதுதான். குஞ்சம்மாள்மேல் விழுந்தது ஒரே ஒரு கல் என்றார்கள். தேங்காய் அளவுகூட இல்லையாம், அதிலேயே உயிர் போயிருக்குது. புல்லுக்கட்டு கட்டி முடித்து, தலையில் வைக்கக் குனிந்திருக்கிறாள். சங்கு கேட்கவில்லையே, இன்னும் நேரமிருக்குது என்று நினைத்திருப்பாள். நான் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டேன். எப்போதும் மறுநாள்தான் வைப்பேன். அன்றைக்கு உடனே வைத்தேன்.

போலீஸ் வந்து பார்த்தபோது மணி சரி, தேதி சரி. சங்கு மட்டும் ஊதவில்லை. யார் எழுதி வைத்தது? அபிநந்தன். கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவன் அம்மா சுதர்சனா என் வீட்டுக்கு வந்தது. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே. என் புள்ள எறும்பைக்கூட எடுத்துத் தூர விடுறவன்" என்று அழுதது. ஆமாம், நானே பார்த்திருக்கிறேன் என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கப்புறம்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஊதியாச்சு என்று போனில் ஏன் சொன்னீர் என்று கேட்க. நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்துச் சொன்னார்: "வயசானவருய்யா. காதும் கேட்டிருக்காது, பழக்கத்துல சொல்லியிருப்பாரு. அந்த மிஷினைப் பத்தி இவருக்கு இன்னாய்யா தெரியும்? மவுசைப் புடிக்கத் தெரியுமா? டீ குடுத்து அனுப்பு."

டீ வந்தது. அதைக் குடிக்காமல் கீழே வைத்தேன். என் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். மவுசை நான் ஒன்பது வருஷமாகப் பிடிக்கிறேன் என்றும் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பையனுக்காக இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதப் பார்த்தார்கள், அதற்காக.

நம்பவில்லை. செய்து காட்டு என்று ஜீப்பில் ஏற்றிக் குவாரிக்குக் கொண்டுபோனார்கள். குவாரியை மூடி சீல் வைத்திருந்தார்கள். பொட்டியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைத் திறந்து, இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி, திரும்பப் பின்னால் வைத்துக் காட்டினேன். ஏட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அபிநந்தனையும் கூட்டி வந்திருந்தார்கள். கதவோரம் நின்று என்னையே பார்த்தான்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலையோன்னு இத்தனை நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன் தாத்தா" என்றான்.

புரியாமல் என்ன?

வெளியே வந்து ஜீப்பைப் பார்த்து நடக்கும்போது கூரைமேல் சங்கு ஊதியது. ஆளில்லாத பள்ளத்துக்கு, வெடியில்லாத ஒரு மணிக்கு, பன்னிரண்டே முக்கால் என்று ஊதியது. எல்லோரும் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். "செகண்ட் பிசகலய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். அபிநந்தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நான் நிற்கவில்லை. என் வாட்ச்சைத்தான் ஸ்டேஷனிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்களே, எதைப் பார்த்துச் சொல்வது. ஆனாலும் சொல்கிறேன் வக்கீலய்யா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அது ஒரு நிமிஷமாவது லேட்.