கேம்ப் தண்ணீரில் நிற்கும் பூநாரைகள்

என் மூன்று வயது மகனை அந்தத் தண்ணீரில் விளையாட விடலாமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, துபாய்க்கு வெளியே மணல்வெளியில் இருக்கும் பூங்காவுக்குப் போயிருந்தோம். சுற்றிலும் மணல், நடுவே பெரிய குளம், அதில் பூநாரைகள். கரையில் எங்கள் பக்கத்தில், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றிலிருந்து வந்த இரண்டு தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மாப்ள, இது நம்ம கேம்ப்ல குளிச்ச தண்ணிடா.”

“போடா! எவ்வளவு பறவை நிக்குது, பாரு.”

“நாந்தானடா டேங்கர்ல அள்ளிட்டுப் போய் பிளாண்ட்ல ஊத்துறேன்! அங்க சுத்தம் பண்ணி இங்க விடுறாங்க. அப்படியே மணலுக்குள்ள இறங்கி அடியில தங்கிரும்.”

மற்றவர் குளத்தைக் காட்டிக் கேட்டார்.

“அப்ப நாம ஊருக்குப் போயிட்டாலும் நம்ம தண்ணி இங்கயே இருக்குமா?”

“இருக்கும்டா. அதுக்கு ஏது விசா, முடியறதுக்கு?”

இருவரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், என் மகன் முழங்கை வரை நனைந்து நின்றான். பதறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சோப்புப் போட்டு அவன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நுரை சுழன்று வாஷ்பேசின் குழிக்குள் இறங்கியபோதுதான் உறைத்தது, இதுவும் அங்கேதான் போகப்போகிறது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அடுத்த வெள்ளியும் போகவேண்டுமாம் அவனுக்கு. பறவைகளைக் காட்டினால் மட்டும் போதுமா, தண்ணீரைத் தொடவும் விடலாமா? விவரம் தெரிந்த அம்மாக்கள் யாராவது எழுதுங்களேன்.