இன்னொரு காலுக்கு இடம்

ராத்திரி ரெண்டே கால் மணி. கூனிமேடு தாண்டி மரக்காணம் போற ரோடு. ஒரு லாரி கூட இல்ல. ராஜாங்கம் எக்செல் வண்டியில தனியா வர்றான்... தனியான்னு சொல்ல முடியாது. முன்னாடி சரக்கு வெக்கிற இடத்துல ஒரு சிமெண்ட் சாக்கு. சாக்குக்குள்ள மஞ்சள் கவர். கவருக்குள்ள அவன் அக்கா புருஷனோட இடது கால்.

சிரிக்காத பாய். மொத தடவ கேட்டப்போ நானும் சிரிச்சேன்.

இந்தக் கதை இப்ப எதுக்குன்னா, பரத் கேட்டாரு. இந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்திருக்கிற நம்ம அஞ்சு பேருக்கும் உள்ள ஆளுக்கு ஒருத்தர் இருக்காங்க. எல்லாமே சர்க்கரைக் கால் கேஸு. நாளைக்குக் காலையில பரத்தோட அப்பாவுக்கு ஆபரேஷன். "எடுத்த காலை நீங்க வாங்கிக்கிறீங்களா, நாங்களே எரிச்சுடட்டுமான்னு பேப்பர் குடுத்திருக்காங்க. என்னண்ணா எழுதுறது?"ன்னாரு. அதுக்குத்தான் சொல்றேன். லைட்டை அணைக்காதீங்க... இருக்கட்டும்.

ராஜாங்கம் என்கூட உப்பளத்துல வேலை செய்யுறவன். அவன் அக்கா மலர்கொடி. அக்கா புருஷன் சக்கரபாணி. எங்களுக்கெல்லாம் அண்ணன். முப்பது வருஷமா அதே ஆறு பாத்தி. பாத்தி மிதிக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. வெறுங்காலால களிமண்ணை மிதிச்சு மிதிச்சு இறுக்கணும், தரை சிமெண்ட் மாதிரி ஆகணும், அப்பத்தான் தண்ணி கீழ இறங்காம மேல உப்பு கட்டும். அவர் மிதிச்ச பாத்தியில ஒரு சொட்டு இறங்காது.

கடைசி அஞ்சாறு வருஷமா கால் மரத்துப் போச்சு. சர்க்கரை. செருப்பு கழண்டு விழுந்தா கூட தெரியாது அவருக்கு. ஒருநாள் சாயங்காலம் பூட்ஸைக் கழட்டுறாரு, உள்ள ரத்தம் நிக்குது. அடியில ஒரு ஆணி. காலையிலேர்ந்து அந்த ஆணி மேல நின்னு உப்பு வாரியிருக்காரு. வலிக்கல. உப்புத் தண்ணி புண்ணை ஆத்திடும்னு இன்னும் பத்து நாள் அதே காலோட தண்ணியில நின்னாரு. பதினோராவது நாள் பெருவிரல் கறுத்துப் போச்சு. இங்க மாதிரியே ஒரு ஆஸ்பத்திரி, பாண்டியில. முட்டிக்குக் கீழ ஆறு விரக்கடை விட்டு எடுத்தாங்க.

எடுத்த காலை வீட்டு ஆளுங்க கையில குடுத்தாங்க. ராஜாங்கம் சுடுகாட்டுக்குக் கொண்டு போறேன்னான். மலர்கொடி அக்கா அவன் சட்டையைப் புடிச்சுட்டுது.

"டேய், ஆளு உள்ள உசுரோட கிடக்குது. காலை மட்டும் அங்க அனுப்பினா மீதியையும் கூப்பிடும்டா. சுடுகாட்டுக்கு மட்டும் வேணாம்."

"அப்ப எங்கக்கா வெக்கிறது?"

"எங்கயாவது வை. எனக்குச் சொல்லாத."

அதான் ரெண்டே கால் மணி ரோடு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் சாக்கு அவன் முட்டியில இடிக்குது. சொத்... சொத்... டெட்டால் வாசனை. அதுக்கு அடியில வேற ஒரு வாசனை, அழுகின வாழைப்பழம் மாதிரி. காத்து எதிர்ல அடிக்குது, அப்பவும் போகல.

நேரா உப்பளத்துக்குத்தான் வந்தான். ஆறாம் பாத்தி வரப்பு நல்லா அகலமா இருக்கும். அங்க முட்டியளவு தோண்டினான். நாய் வந்து கிளறிடுமேன்னு பயம். பக்கத்துல குவிச்சு வெச்சிருந்த உப்பிலேர்ந்து ரெண்டு கூடை அள்ளி, கவரைக் கிழிச்சு, காலைச் சுத்தி கீழயும் மேலயும் அழுத்தி, மண்ணை மூடிட்டான்.

ஆமா பாய், நீ சொல்றது சரி. கருவாடுதான் போட்டிருக்கான். கடலோரத்துல பொறந்தவன், உப்புல போட்டது கெடாதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்துல தோணல. நாயைத்தான் நினைச்சான்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரங்களே எரிச்சுட்டாங்கன்னு சொல்லி வெச்சிருந்தோம்.

ஒன்பதாவது நாள். கட்டில்ல படுத்திருந்தவரு, "மலரு, காலு எரியுது"ன்னாரு.

"எந்தக் கால்?"

"இல்லாத கால்."

டாக்டர் கோவப்படாம விளக்கிச் சொன்னாரு. கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாதாம். நரம்பு பழைய சேதியவே அனுப்பிட்டு இருக்குமாம். நிறைய பேருக்கு வருமாம். மாத்திரை குடுத்தாரு. எல்லாம் சரி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஆணி குத்தினது கூட தெரியாம அஞ்சு வருஷம் கிடந்த கால் அது. இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. போனப்புறம் எல்லாம் தெரியுது.

பதிமூணாவது நாள் காலையில ஆறாம் பாத்திக்கு மடை தொறந்தேன். நான்தான். மண்வெட்டியைக் கீழ கூட வெக்கல, போன் வருது. ராஜாங்கம். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறான்.

"ஐயப்பா... ஆறாம் பாத்திக்குத் தண்ணி விட்டிருக்கியா?"

"இப்பத்தான்டா. ஏன்?"

"மாமா சொல்றாரு. கால் நனையுதாம்."

வெயில் கொளுத்துது. அதே மண்வெட்டியால மண்ணை அள்ளிப் போட்டு மடையை அடைச்சேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் போன். "நின்னுடுச்சாம்."

அன்னைக்குத்தான் அந்தக் கால் எங்க இருக்குன்னு ராஜாங்கம் எனக்குச் சொன்னான்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ராத்திரி ஆனா ஆரம்பிச்சுடும். எரியுது, இழுக்குது, விரல் மடங்குது. மலர்கொடி அக்கா இல்லாத காலுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி கட்டில் மேல வெறும் பாயில தேய்ச்சு விடும். கொஞ்சம் அடங்கும். தையல் போட்ட இடம் ஆறினாத்தான் கட்டைக்கால் அளவெடுக்க முடியும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவர் தூங்காம துடிச்சு துடிச்சு அதைக் கட்டில் சட்டத்துல இடிச்சு ரணமாக்கிக்கிறாரு. திரும்ப வேலைக்குப் போகணும், அது ஒண்ணுதான் அவருக்கு. உட்கார்ந்து சாப்பிட்ட பரம்பரை இல்ல.

அப்புறம் ஒரு ராத்திரி கத்தல. அமைதியா எழுந்து உட்கார்ந்தாரு. அக்கா என்னான்னு கேட்டிருக்கு.

"என் காலுக்குப் பக்கத்துல யாரோ தோண்டுறாங்க... கையால. நகம் படுது."

விடியறதுக்குள்ள அக்கா ராஜாங்கத்தை உலுக்கி எல்லாத்தையும் கேட்டுடுச்சு. "இன்னைக்கே எடு. எடுத்து எரி. எங்க வேணா எரி"ன்னுது.

அன்னைக்கு ராத்திரி அவன் தோண்டினான், நான் டார்ச் புடிச்சேன். காத்தே இல்ல. மேல் மண்ணு வந்துச்சு. அதுக்குக் கீழ உப்பு இறுகி பாறையாட்டம் ஆயிருந்துது. கடப்பாரை போட்டா ணங்... ணங்னு சத்தம். ஒரு பெரிய ஏடு அப்படியே பெயர்ந்து வந்துச்சு.

கால் கெடல. கெட்டிருந்தா கூட பரவாயில்ல. அவிச்ச முட்டை மாதிரி வெளுத்து, ஆஸ்பத்திரிக்காரங்க கட்டின பேர் அட்டையோட, நகம் உட்பட அப்படியே இருந்தது. வாசனை கூட இல்ல. உப்பு வாசனைதான்.

டார்ச்சை கொஞ்சம் பக்கத்துல நகத்தினேன்.

காலுக்கு வலது பக்கம் உப்புக்குள்ள ஒரு பள்ளம். மழை தோண்டினது இல்ல, மழையே கிடையாது. எலி பண்ணினதும் இல்ல. வழவழன்னு இருந்தது. குதிகால் உட்கார ஒரு குழி. கெண்டைச் சதைக்கு ஒரு அகலம். முட்டி மடியிற இடத்துல ஒரு இடுக்கு. கடைசியில செங்குத்தா ஒரு பாதம் பதிஞ்ச அச்சு, அஞ்சு விரலோட. ஒரு ஆள் மல்லாந்து படுத்தா ரெண்டு காலும் எப்படி இருக்கும்? அப்படி. இடது கால் இருக்குது. வலது காலுக்கு இடம் இருக்குது.

இன்னொண்ணும் பாத்தேன். இடது கால் முட்டிக்குக் கீழயே முடிஞ்சுடுது இல்ல? அந்தப் பள்ளம் முடியல. முட்டியைத் தாண்டி தொடையில ஒரு சாண் வரைக்கும் போயி, கத்தியால வெட்டின மாதிரி நேரா நின்னுது.

ராஜாங்கம் காலை அள்ளி சாக்குல போட்டான். குழியை மூடணும்னு கூட தோணல, அப்புறமும் அதைத் தொடத் தைரியம் வரல. ஓடி வந்துட்டோம். கடற்கரை சவுக்குத் தோப்பு பக்கம் டயர் போட்டு எரிச்சோம். உப்பு ஏறின கால் லேசுல எரியல. பச்சையா, நீலமா எரிஞ்சுது. விடியக்காலம் நாலு மணி வரைக்கும்.

நாலு மணிக்குத்தான் அண்ணன் தூங்கினாராம். அதுக்கப்புறம் வலியே இல்ல.

இதோட முடிஞ்சிருக்கணும். முடியாததுக்குக் காரணம் நான்.

ரெண்டு மாசத்துல ரணம் ஆறிடுச்சு. ஒரு முகாம்ல கட்டைக்கால் குடுத்தாங்க. கம்பு ஊனி டீக்கடை வரைக்கும் நடந்து வந்தாரு. எல்லாருக்கும் சந்தோஷம். ஒருநாள் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருக்கோம். "ஐயப்பா, என் காலை எங்கடா வெச்சிருந்தீங்க? எல்லாரும் மழுப்புறீங்க. எனக்குத் தெரியும், அது உப்புல கிடந்துது"ன்னாரு. அவர் கால். அவருக்குத் தெரிய வேணாமா? சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். பக்கத்துல இருந்த பள்ளத்தையும் சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில நான் உப்பளத்துக்குப் போறேன், அவர் எனக்கு முன்னாடியே அங்க இருக்காரு. கட்டைக்கால் கழட்டி வரப்பு மேல கிடக்குது. அந்தக் குழியில இறங்கி, வலது காலை நீட்டி உட்கார்ந்திருக்காரு, தொட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி.

"அண்ணே! எந்திரிங்கண்ணே!"

"வெச்சுப் பாத்தேன்டா"ன்னாரு. சிரிக்கிறாரு. "செருப்புக் கடையில கூட எனக்கு இவ்வளவு சரியா அளவு கிடைச்சதில்ல." முட்டிக்கு மேல கையை விரிச்சு ஒரு சாண் வெச்சுக் காட்டினாரு. "இது வரைக்கும் உட்காருது பாரு."

தூக்கி விட்டேன். குதிகால்ல உப்பு ஏடு கண்ணாடி மாதிரி கிழிச்சிருக்கு. ரத்தம் உப்புல சிவப்பா எறங்குது. அவருக்குத் தெரியல. அந்தக் காலும் மரத்துப் போன கால்தானே.

அன்னைக்கே நானும் ராஜாங்கமும் குழியை இடிச்சு, மண்ணைப் போட்டு மிதிச்சுட்டோம். அவர் மிதிக்கிற மாதிரியே, இறுக்கி.

கிழிசல் ஆறல. டாக்டர் சர்க்கரைன்னாரு. நானும் சர்க்கரைன்னுதான் சொல்றேன். வெறுங்காலோட உப்புல இறங்காதீங்கன்னு அவ்வளவு சொல்லியும் இறங்கினாரு, அதான் காரணம். ஆவணி மாசம் வலது காலையும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க.

"முட்டியை எப்படியாவது காப்பாத்திடுறேன்"னு டாக்டர் சொன்னாரு. "ரெண்டு முட்டியும் இருந்தா ரெண்டு கட்டைக்காலோட மறுபடியும் நடப்பாரு. ஒண்ணு போனாலும் கஷ்டம்." ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, முட்டிக்குக் கீழதான்னு உறுதியா சொன்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்தது. ஏன்னா, முட்டிக்குக் கீழன்னா அந்தப் பள்ளத்தோட அளவு தப்பு. அளவு தப்புன்னா அது வெறும் உப்புப் பள்ளம். நான் வாயைத் தொறந்ததால ஒண்ணும் ஆகல.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வெளியில அக்கா, ராஜாங்கம், நான். எட்டு மணிக்குக் கதவு திறந்து நர்ஸம்மா பேப்பரோட வந்துச்சு.

"சக்கரபாணி கூட வந்தவங்க யாரு? முட்டியை வெக்க முடியாது போலம்மா. அழுகல் உள்ள ரொம்ப மேல வரைக்கும் ஏறியிருக்கு. இன்னொரு கையெழுத்து வேணும்."

"எது வரைக்கும்?" அக்கா கேட்டுச்சு.

நர்ஸம்மா தன் முட்டிக்கு மேல கையை விரிச்சு வெச்சுக் காட்டிச்சு. ஒரு சாண்.

நான் ராஜாங்கத்தைப் பாத்தேன். அவன் தரையைப் பாத்துட்டு இருந்தான்.

"அவரு முழிச்சுட்டா இருக்காரு?" அக்காதான் கேட்டுச்சு.

"முழிச்சுத்தான் இருக்காரு. இடுப்புக்குக் கீழ மரத்துப் போற ஊசி போட்டிருக்கு, ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணையே சொல்லிட்டு இருக்காரும்மா. வலது கால் நனையுதாம். உப்பு எரியுதாம். சீக்கிரம் மடையை அடைக்கச் சொல்றாரு... இங்க ஐயப்பன்னு யாராவது இருக்கீங்களா?"

நான் வாயைத் தொறக்கல.

அக்கா பேனாவை வாங்கிச்சு. பேப்பரை சுவத்துல வெச்சுச்சு. எழுதல. திரும்பி, "அப்ப காலை எடுத்துட்டீங்களாம்மா?"ன்னுது.

"இன்னும் இல்லம்மா. மையால கோடு மட்டும்தான் போட்டு வெச்சிருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே..."