கட்டத்துக்குள்ள தள்ளுன பாட்டு

நீங்கதான் கெடுத்தீங்க தம்பி. வேற யாரைச் சொல்ல? இந்த ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எம் பொண்டாட்டி பாட்டைத் திருத்துனது நீங்க ஒருத்தர்தானே.

பயப்படாதீங்க, கத்த வரல. பழைய கட்டில் பீரோ வாங்கி விக்கிறவன் நான். பேரம் படியலைன்னா என் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். இன்னிக்கு என்னமோ கோவமே வரமாட்டேங்குது.

நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லன்னா? ஆனா எனக்கு இது வேணாம். திருத்துறதுக்கு முன்னாடி அவ பாடுனபடியே இருந்துச்சே, அதக் குடுங்க.

அன்னிக்கு உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பாத்தேனே. ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா கோடு போட்டிருந்துச்சு, அதுமேல அவ குரல் புழு மாதிரி நெளிஞ்சு போச்சு. ஒவ்வொண்ணாப் புடிச்சுக் கட்டத்துக்குள்ள தள்ளுனீங்க. தாளத்துக்குப் பிந்தி வந்ததை முன்னாடி இழுத்தீங்க. சுருதி எறங்குன எடத்தத் தூக்கி வச்சீங்க. நடுநடுவுல மூச்சு வாங்குனத வெட்டி எறிஞ்சீங்க. செல்லரிச்ச மேசைக்குப் பாலிஷ் போடுற மாதிரி ஏதோ செய்யறீங்கன்னு நானும் விட்டுட்டேன்.

அவ எதுலயும் பிந்தித்தான் வருவா தம்பி. நான் கத்தி முடிச்சு, செருப்ப மாட்டி, வாசலத் தாண்டுனப்பறம் உள்ளேருந்து பதில் வரும். அதுக்காகவே நான் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பத்துலேருந்து கத்தணும். பாட்டும் அதே லட்சணம்தான். தாளம் அது பாட்டுக்குப் போயிடும், இவ ஆடி அசைஞ்சு பின்னாடி வருவா. லேட்டு வண்டின்னுதான் எங்க மூத்தவ அம்மாவக் கிண்டல் பண்ணுவா.

என்ன? பழைய டிஸ்க்கு எல்லாத்துலயும் தேடணுமா? அதுக்கு அவங்களையே கூட்டிட்டு வந்தா அரை மணி நேரத்துல பாடவச்சு எடுத்துடலாமா?

எடுக்கலாம். அன்னிக்கு இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மறுநாள் தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துட்டாங்க. இப்ப கழுத்துல ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாத்தான். மத்தபடி சாப்பிடுறா, நடக்குறா, வீட்டப் பெருக்குறா.

நேத்து சாயங்காலம் நீங்க குடுத்ததப் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டா. அப்பறம் நெஞ்சுல வெரல வச்சுக் காட்டி, இல்லன்னு கையை ஆட்டுனா. இது நான் இல்லைங்கறா.

எதுக்கும் பேரம் பேசுறவன் நான், இதுக்குப் பேச மாட்டேன். பிந்துனது, எறங்குனது, மூச்சு வாங்குனது, எதுவும் கொறையக் கூடாது. அந்த டிஸ்க்கெல்லாம் எடுங்க தம்பி. எடுத்து, அவ குரல அவகிட்ட திருப்பிக் குடுங்க.