கருவிப் பிழை

திங்கட்கிழமை காலையில் நான் வகுப்பு எடுப்பதில்லை. அந்த நேரம் தலந்தா அம்மாளுக்குரியது.

அவருக்குப் பார்வையும் செவியும் இல்லை, பேச்சு உண்டு. மகன் ஸ்கந்தர் பிரான்சில், மார்சே நகரத்தில் கட்டட வேலை செய்தான். தொடுதலைத் தொலைவுக்குக் கடத்தும் கையுறை என் ஆய்வு. அங்கே அவன் அழுத்தினால், இங்கே துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் தாயின் கையுறை அதே இடத்தில் அழுத்தும். முதலில் சுண்டுவிரலைக் கிள்ளுவான். பிறகு உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகப் பேசுவான்.

"வலிக்குதுடா எருமை," என்று அவர் சிரிப்பார்.

அவரை அழைத்துவரும் பக்கத்து வீட்டு ராதியா என்னிடம் சொல்வார்: "மெஷினுக்குள்ள மட்டும் பாசம் பொங்குது டாக்டரே. பெருநாளைக்கு ஆளைக் காணோம்."

பதினொரு பேரின் கைகளை மாற்றி மாற்றி வைத்து அறுபது முறை சோதித்தேன். அறுபது முறையும் மகனின் கையை அவர் பிழையின்றிக் கண்டுகொண்டார். அந்தக் கட்டுரைதான் என்னைப் பேராசிரியனாக்கியது.

அடுத்த கட்ட ஆய்வு முடிய நான்கு மாதம் இருக்கையில், சாரம் சரிந்து ஸ்கந்தர் இறந்தான். அவனுடைய அறைத்தோழன் ஆய்வகத்துக்குத் தொலைபேசினான்.

"அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும் டாக்டர். ஊருக்கு அனுப்பட்டுமா, இங்கயே அடக்கம் பண்ணட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் கழித்து, அங்கேயே அடக்கம் செய்யும்படி அம்மா கூறியதாகத் தெரிவித்தேன்.

எங்கள் இடையர்கள் இறந்த குட்டியின் தோலைத் தாயில்லாத வேறொரு குட்டிக்குப் போர்த்துவார்கள். தாயாடு அதற்குப் பால் கொடுக்கும். இரண்டுமே பிழைக்கும். அதில் நான் கொடுமை எதையும் கண்டதில்லை.

ஸ்கந்தரின் அழுத்தங்கள் யாவும் என்னிடம் பதிவாகியிருந்தன. அதேபோல் அழுத்த ஒரு வாரம் பழகினேன். திங்களன்று அடுத்த அறையில் கையுறையை அணிந்து, அவர் சுண்டுவிரலைக் கிள்ளினேன்.

அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இது என் புள்ள கை இல்ல. அவனுக்கு என்ன ஆச்சு?"

பதிவேட்டில் 'கருவிப் பிழை' என எழுதினேன். ராதியாவிடமும் அதையே சொன்னேன். அவர் அந்தச் சொற்களைத் தலந்தா அம்மாளின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார்.

நான்கு மாதம் கழித்துச் சொல்லிவிட நினைத்திருந்தேன். கிட்டத்தட்ட மூன்றாண்டுகள் ஆயின. மகனின் செய்தி வரக்கூடிய வழி வேறில்லை என்பதால், அவர் ஒரு வாரமும் தவறாமல் வந்தார். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியைக் கேட்டார். கடந்த மாதம் அந்த அறைத்தோழன் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிராவிட்டால், நீங்களும் இந்த விசாரணைக்குக் கூடியிருக்க மாட்டீர்கள்.

அவர் துயரப்படக் கூடாது என்பதே என் நோக்கம். பதிவேட்டைப் பாருங்கள்: நூற்று நாற்பத்தொரு திங்கட்கிழமைகள், நூற்று நாற்பத்தொரு கருவிப் பிழைகள். கையுறையை ஒருமுறைகூட நான் பழுதுபார்க்கக் கொடுத்ததில்லை.